கூரையைத் தூக்கியது எந்தக் காற்று?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் படிப்பு மையத்துக்கு ஒரு பாட்டி வருகிறார். கோடையில் ஒரு நாள் மாலை இடியோடு மழை வந்தது. ஐந்தே நிமிடம். அவர் வீட்டுத் தகரக் கூரை பறந்துபோய்ப் பக்கத்துத் தோப்பில் விழுந்தது.

மறுநாள் நிவாரணம் கேட்டு மனு எழுத உட்கார்ந்தோம். "என்ன காத்துன்னு எழுதறது கண்ணு? சுழிக்காத்தா, புயலா?" என்று கேட்டார் பாட்டி. "எல்லாம் பூமி சூடானதால வந்தது. அதையே எழுதுங்க" என்றார் அருகிலிருந்த ஓர் அண்ணன். எனக்கு இரண்டுக்கும் பதில் தெரியவில்லை. பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சுழலும் காற்றெல்லாம் ஒன்றல்ல. மார்ச் மாதம் காய்ந்த வயலில் சருகையும் புழுதியையும் சுழற்றிக்கொண்டு ஒரு காற்று ஓடுமே, பார்த்திருப்பீர்கள். பேய்க்காற்று என்று நாம் ஒதுங்கி நிற்போம். அதில் பேய் இல்லை. சுட்ட மண்ணிலிருந்து மேலே கிளம்பும் வெப்பக் காற்றுதான் அது. அதற்கு மேகம் வேண்டாம்.

புயல் கடலில் பிறக்கிறது. பல நூறு கிலோமீட்டர் அகலம் இருக்கும். நாள்கணக்கில் நீடிக்கும். 2017-இல் வந்த ஒக்கி அப்படிப்பட்டது.

மூன்றாவது, டொர்னாடோ. இடிமேகத்திலிருந்து யானைத் துதிக்கை போல இறங்கித் தரையைத் தொடும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் மிக வலுவானது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வீசும். வங்காளத்துப் பக்கம் இது அதிகம். வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று வந்த டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். மேற்கு வங்கத்து ஜல்பைகுரி மாவட்டத்தில் 2024 மார்ச் 31 அன்றும் ஒன்று வந்தது.

டொர்னாடோ உருவாக முக்கியமாக இரண்டு வேண்டும். ஒன்று, கீழே சூடான ஈரக்காற்று, மேலே குளிர்ந்த காற்று. அப்போதுதான் மேகம் வேகமாக மேலே எழும். இன்னொன்று முறுக்கு. கயிறு திரிக்கும்போது ஒரு கை முன்னே போகும், மறு கை பின்னே வரும். அதுபோலத் தரையருகே காற்று ஒரு விதமாகவும், உயரத்தில் வேறு விதமாகவும் வீச வேண்டும்.

பூமி சூடாவது உண்மை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். எனவே இடிமேகத்துக்குத் தீனி கூடுகிறது. ஆனால் முறுக்கும் கூடும் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் குறையலாம் என்கிறார்கள் அறிஞர்கள். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் வருகின்றன. அந்த எண்ணிக்கை தெளிவாக ஏறவில்லை. ஆனால் ஒரே நாளில் பல சேர்ந்து வருவது கூடியிருக்கிறது. ஆகவே அண்ணன் சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ளலாம். இந்த ஒரு காற்றுக்கு அதுதான் காரணம் என்று மனுவில் எழுத முடியாது.

அப்படியானால் பாட்டி வீட்டில் வீசியது எது? மலையாளப் பத்திரிகைகளில் 'மின்னல் சுழலி' என்று எழுதுகிறார்கள். பெயரில் சுழல் இருந்தாலும், இடிமழையில் வரும் எல்லாக் காற்றும் சுழல்வதில்லை. மழையால் குளிர்ந்து கனத்த காற்று மேகத்திலிருந்து பொத்தென்று கீழே விழுவதும் உண்டு. குடத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினால் நாலாபுறமும் ஓடுமே, அப்படித் தரையில் மோதிப் பரவும். கூரையைப் பிய்க்க அதுவே போதும்.

விழுந்த மரங்களைப் பார்த்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். சுழன்ற காற்று என்றால் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். மேலிருந்து விழுந்த காற்று என்றால் ஒரே பக்கமாகவோ, விசிறி விரித்தது போலவோ கிடக்கும். தோப்புக்குப் போய்ப் பார்த்தோம். வாழைகள் எல்லாம் கிழக்கே தலைவைத்துக் கிடந்தன. வெட்டி அகற்றும் முன்பே செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம்.

கேரளத்தில் பலத்த காற்றும் மாநிலப் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது. அதனால் மனுவில் 'இடிமழையுடன் வீசிய பலத்த காற்று' என்று எழுதினோம். தேதி, நேரம், போன தகரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பாட்டியே எழுதினார். 'பலத்த' என்பதில் 'த்' விட்டுப்போனது. அடித்துவிட்டு மறுபடி எழுதி, கையெழுத்துப் போட்டார்.