பயமுறுத்தும் பிரதி மத்திமம்

கேள்வி: ஹெவி மெற்றல் எந்தப் பாடலில் பிறந்தது? அதில் வரும் ‘சாத்தானின் சுர’த்தைத் தேவாலயம் ஒரு காலத்தில் தடை செய்திருந்ததாமே, உண்மையா?
– வாசகி ஒருவர், சுன்னாகம்

பதில்: முரட்டுக் கிற்றார் ஒலிக்கு முன்னோடிகள் உண்டு. கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் ஒலிபெருக்கியின் கூம்பையே சவர அலகால் கீறிப் பார்த்தவர். ஆனாலும் பிறப்பிடம் என்று நான் காட்டுவது பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டில் வரும் முதற்பாடலைத்தான். குழு, தட்டு, பாடல் மூன்றுக்கும் ஒரே பெயர். வெளியான நாள் 1970 பெப்ரவரி 13.

மழை, இடி, கோயில் மணி. அதன்பின் கிற்றாரில் மூன்றே சுரங்கள்: சட்சம், மேல் சட்சம், நடுவே இறங்கிப் பிரதி மத்திமம். அந்த மூன்றாவதைத்தான் குழுவின் கிற்றார்க்காரர் ரொனி அயோமி நடுங்கவிட்டு நீட்டுகிறார். நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வரத்தில் சண்முகப்பிரியா கேட்டு உருகியவர்களுக்கு இந்தச் சுரம் புதிதல்ல. அங்கே அது கமகத்தோடு அசைந்து பஞ்சமத்தில் போய் அமர்ந்துவிடும். இங்கே அமர இடம் கொடுக்கவில்லை. ஆமை வேகத்தில் மறுபடி சட்சத்துக்கே திரும்புகிறது. பயம் சுரத்தில் இல்லை, அதைத் தவிக்கவிட்ட விதத்தில் இருக்கிறது.

தேவாலயம் தடை விதித்ததற்கு ஆதாரம் கிடையாது. சட்சத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பாடக் கடினமென்று பழைய ஐரோப்பியப் பாடகர்கள் தவிர்த்தார்கள், அவ்வளவுதான். சாத்தானின் பெயரை அதற்குச் சூட்டிய நூல்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. அயோமிக்குப் பொறி தட்டியதும் பேய்க்கதையால் அல்ல. குழுவின் பேஸ் கிற்றார்க்காரர் கீசர் பட்லர், ஹோல்ஸ்ற் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் ‘செவ்வாய்’ இசையை வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டதால்தான்.

அயோமியின் கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. பேர்மிங்ஹாமில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று, இயந்திரம் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்துவது அந்த வலக்கைதான். இனி வாசிப்பே இல்லை என்று கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். இரண்டு விரல்களை மட்டும் நம்பி வாசித்த கிற்றார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்டின் தட்டு அது. அயோமி எழுந்தார். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். தடித்த தந்திகள் வலித்ததால் பாஞ்ஜோவின் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971இல் வந்த மூன்றாவது தட்டில், விரலுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று, சில பாடல்களுக்குத் தந்திகளை ஒன்றரைச் சுரம் தளர்த்திவிட்டார். மெற்றல் குழுக்கள் பிறகு விரும்பிப் பின்பற்றிய அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலி இப்படி வந்ததுதான்.