சயாம் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

கெடாவின் பாடாங் மேஹாவிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் புதிதாக அம்மா அப்பா ஆகியிருக்கும் கண்ணுகளா, "சப்பான்காரன் காலத்துக் கதையெல்லாம் சின்னஞ்சிறுசுகளுக்கு எதுக்கு, பாட்டி?" என்று கேட்கிறீர்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் சடக்குப் போட சப்பான்காரன் நம் ஆட்களைக் கொண்டு போன அந்தக் கதையைச் சுமந்த வீடுகளில்தான் நீங்களும் பிறந்தீர்கள். போர் முடிந்த பின் பிறந்தவள் நான். பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

1. மூடி வைக்காதீர்கள். சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்களில் பலர் வாயே திறக்கவில்லை. நடுராத்திரியில் அலறிக்கொண்டு எழுவார்கள். லயத்துப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. நாம் ஏதோ தப்புச் செய்ததால்தான் அப்பா இப்படி இருக்கிறார் என்று நினைத்து ஒடுங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

2. வயசுக்குத் தக்கபடி சொல்லுங்கள். ஆறு வயசுக்கு, "பூட்டனை வேலைக்குக் கொண்டு போனார்கள், அவர் வரவில்லை, பூட்டி பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தாள்" என்பது போதும். பத்து வயசில் வரைபடத்தை விரித்து, சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை அந்த ரயில் சடக்கு ஓடிய 415 கிலோமீட்டரை விரலால் தொட்டுக் காட்டுங்கள். காலராவும் பிணக்குழியும் இன்னும் பெரிய பிள்ளைகளுக்கு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டையும் அப்போது கையில் கொடுங்கள். எதையும் படுக்கப் போகும் நேரத்தில் சொல்லாதீர்கள்.

3. கோபம் வந்தால் வரட்டும். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் அந்தக் கம்பிச் சடக்கு முடிந்தது. 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளிகள் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அவர்கள் புதைந்தது பெயரில்லாத குழிகளில். "ஏன் எழுதி வைக்கவில்லை?" என்று பிள்ளை கேட்கும். நம்மை எழுத வேண்டிய ஆட்களாக யாரும் நினைக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டைக் கொடுங்கள். நம் குடும்பத்திலிருந்து போனவர் பெயர், தோட்டம், எந்தப் பெரியவர் சொன்னது, எல்லாவற்றையும் பிள்ளையின் கையாலேயே எழுதட்டும்.

4. இன்றைய ஜப்பான் பிள்ளைகள் மேல் வெறுப்பை ஏற்றாதீர்கள்.

5. கதையைச் சாவோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் அதிகம் தவறுவது இங்கேதான். போர் முடிந்ததும் தாலி இழந்த பெண்கள் மறுபடி பிரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்றார்கள். 1946, 47இல் இதே கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி முன்னின்ற தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடியது. பீடோங்கில் போலீசிடம் அடியும் பட்டது. சயாமில் உறவைப் பறிகொடுத்த தோட்டங்களின் ஜனங்கள்தான் அவர்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் குடும்பக் கதை பற்றி 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். தம் வீட்டுக் கதை தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. விழுந்ததும் எழுந்ததும் இரண்டும் உள்ள கதையே பிள்ளைக்கு அதிகத் தெம்பு தருகிறது என்பது டியூக்கின் கருத்து.

6. அதற்கென்று ஒரு நாள் வையுங்கள். யூதர்கள் பஸ்கா இரவில் குடும்பமாக உட்கார்ந்து, வீட்டின் கடைக்குட்டியைக் கேள்வி கேட்க வைத்து, அடிமைப்பட்டதிலிருந்து விடுதலையானது வரை சொல்கிறார்கள். எத்தனையோ அழிவுகளுக்குப் பிறகும் அது விட்டுப்போகவில்லை. நமக்குப் படையல் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று சயாமுக்குப் போனவருக்கும் ஓர் இலை போடுங்கள். "இது யாருக்கு?" என்று கடைக்குட்டி கேட்கும்.

7. கேட்ட பிறகு பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், தனியாக ஒதுங்கினால் உடனே நிறுத்துங்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சில வாரத்திலும் மாறாவிட்டால் பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. நம் பெரியவர்களுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை.