அடிக்கடி வரும் கண்கட்டி: இமை பேணும் முறை

இமை விளிம்பின் மயிர்க்காலையோ எண்ணெய்ச் சுரப்பியையோ ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தாக்கிச் சீழ் கோப்பதே கண்கட்டி. அது மீண்டும் மீண்டும் வருமாயின், இமை விளிம்பு நாள்பட்டுச் சிவந்து செதில் படியும் இமையழற்சியோ கட்டுப்படாத சர்க்கரை நோயோ காரணமாயிருக்கலாம்.

• உள்ளங்கையில் விரலைத் தேய்த்துக் கட்டியில் ஒற்றும் வழக்கத்தில் சூடு நன்மையே எனினும், விரலின் அழுக்கு தீங்காதலால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை, பொறுக்கும் சூட்டில், மூடிய இமைமேல் 10 நிமிடம், நாளுக்கு 3 அல்லது 4 முறை வைத்தால், உறைந்த எண்ணெய் இளகி அடைப்பு விலகும்.

• கட்டியைப் பிதுக்குவதும், ஆறும்வரை கண்மை இடுவதும் கூடா.

• சுசீந்திரம் மார்கழித் தேரோட்டப் புழுதியில் நின்று திரும்புவோர், தெப்பக்குள நீரால் கண்ணைக் கழுவாமல், கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே இமையைத் தொட வேண்டும்.

• இரு நாளில் குறையாவிடினும், பார்வை மங்கினும், வீக்கம் கன்னத்திற்குப் பரவினும், ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் மருத்துவரை நாட வேண்டும்.