முதுமையில் மறதி: இயல்பு எது, நோய் எது?

“அப்பாவுக்குப் பழைய கதையெல்லாம் நினைவிருக்கிறது, காலையில் நடந்ததுதான் மறந்துவிடுகிறது” என்று குடும்பத்தினர் வருந்துவதை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

நினைவாற்றல் வயதுக்கேற்ப மாறும் தன்மையது. 3 வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் இல்லை. முதியோர் தம் 10 முதல் 30 வயது வரையிலான நாட்களையே மிகுதியாக நினைவுகூர்வர். முதுமையில் புதியவற்றை மனத்தில் பதிப்பதும் பெயர்களை நினைவுக்குக் கொணர்வதும் மெதுவாகும். சொல்வளம் பெரிதும் குறைவதில்லை. மறந்த பெயர் சற்று நேரம் கழித்தோ, முதலெழுத்தைச் சொன்னதுமோ நினைவுக்கு வருமாயின் அது பெரும்பாலும் இயல்பான மறதியே.

காலையில் என்ன உண்டோம் என்பதை மறப்பது வேறு. உண்டதையே மறந்து மீண்டும் உணவு கேட்பது வேறு. பழகிய தெருவில் வழி தவறுதல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், பணக் கணக்கில் தடுமாறுதல் ஆகியவையும் கவனிக்கத்தக்கவை. பழைய நினைவுகள் தெளிவாக இருப்பதால் நோயில்லை எனக் கொள்ளலாகாது. அல்சைமர் நோயின் தொடக்கத்திலும் அவை பெரும்பாலும் எஞ்சி நிற்கும்.

வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் குறையக்கூடும். ஆகவே, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுவோம். திடீரெனக் குழப்பம் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வருவோம்.

வீட்டில், “ஞாபகம் இல்லையா?” என்று சோதிப்பதைத் தவிர்த்து, ஒரு குறிப்பை எடுத்துக் கொடுப்போம். அது அவர்களுடைய மதிப்பையும் காக்கும்.