மொழி அறியாதவன் கேட்ட 'மதுசாலா'

தில்லிக்கு வரும் தமிழ் மாணவன் இரண்டு இந்திகளை அறிவான். ஒன்று கடைவீதி இந்தி. காய்கறி வாங்கவும் ஆட்டோக்காரரோடு வாதாடவும் அது போதும். மற்றது ஊரிலிருந்து நாம் கொண்டு வந்த இந்தி. 1965-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டது. மூன்றாவது இந்தி ஒன்று உண்டு. அது பாட்டில் வாழ்கிறது.

ஹரிவம்சராய் பச்சன் (1907-2003) 1935-இல் வெளியிட்ட 'மதுசாலா' 135 நாலடிப் பாடல்கள் கொண்ட நூல். மது, கிண்ணம், ஊற்றித் தரும் 'சாக்கி', மதுக்கடை இவை நான்கையும் வைத்துக்கொண்டே காதல், சாவு, சமயம் அனைத்தையும் பேசிவிடுகிறார். கோயிலும் மசூதியும் பிரித்து வைப்பவர்களை மதுக்கடை ஒன்று சேர்க்கிறது என்னும் பாடல் வடநாட்டில் பலருக்கும் மனப்பாடம். இருபது பாடல்களைத் தேர்ந்து, ஜெயதேவின் இசையில் மன்னா டே பாட, எச்.எம்.வி. நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. முதற்பாட்டைக் கவிஞரே பாடியிருக்கிறார். படப்பாடல் தட்டுகளைப் போன்ற கதம்பம் அன்று இது. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே பொருள், ஒரே யாப்பு. மன்னா டேயின் தாய்மொழி வங்காளம் என்பது எனக்குச் சற்றுத் தெம்பளித்தது.

பொருள் விளங்காதவன் எதைக் கேட்பது? நான் பௌதிகம் பயில்பவன். விளங்காத ஒன்றை அளந்து பார்ப்பது எங்கள் வழக்கம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் வகுத்த மாத்திரைக் கணக்கு இந்தி யாப்புக்கும் ஏறத்தாழப் பொருந்துகிறது. எண்ணிப் பார்த்தேன். ஓரடிக்கு 30 மாத்திரை. பதினாறில் ஒரு நிறுத்தம், பின்பு பதினான்கு. நம் செவி எதுகையைத் தேடி அடியின் தொடக்கத்தில் காத்திருக்கும். இங்கோ ஓசை முழுவதும் அடியின் கடைசியில், நாம் இயைபு என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. முதலடியும் இரண்டாமடியும் 'ஆலா' என்று முடியும். மூன்றாமடி வேண்டுமென்றே விலகிப் போகும். அவ்விலகலால் உண்டாகும் ஏக்கத்தை நான்காமடியின் 'மதுசாலா' தீர்த்து வைக்கும். இதை உணர அகராதி வேண்டுவதில்லை.

அகராதி வேண்டும் இடங்களும் உண்டு. தெரிந்த சொல் போலத் தோன்றுவதே பெரும் இடர். இந்தியில் 'சிக்ஷா' என்றால் கல்வி. நம் 'சிட்சை' தண்டனை. (மாணவர்கள் இரண்டும் ஒன்றே என்பார்கள்; அது வேறு கதை.) 'உபன்யாஸ்' அவர்களுக்கு நாவல், நமக்குக் கோயில் மண்டபத்துச் சொற்பொழிவு. அறியாத சொல்லைக் காட்டிலும் அரைகுறையாய் அறிந்த சொல்லையே நான் இப்போது மிகுதியாக ஐயுறுகிறேன்.

இன்னொரு வாயில் நம் வீட்டிலேயே இருக்கிறது. பச்சன் உமர் கய்யாமைப் பிட்ஜெரால்டின் ஆங்கில வழியே இந்திக்குக் கொண்டுவந்தவர். அதே ஆங்கில நூலின் வழியே கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை கய்யாமைத் தமிழாக்கினார். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைப் படித்து வளர்ந்த நாம், கவிமணியின் கிண்ணத்தை மட்டும் முகஞ்சுளிக்காமல் ஏற்றுக்கொண்டோம் அன்றோ? கவிமணியை முதலில் படித்துவிட்டு இத்தட்டைக் கேளுங்கள். சாக்கி அந்நியராகத் தோன்றமாட்டார்.

"இந்தித் திணிப்பை எதிர்க்கும் நீ இந்திப் பாட்டில் உருகலாமா?" என்று நம் சங்க நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். திணிப்பு என்பது மறுக்க இடமில்லாமல் தரப்படுவது. அதை நான் இன்றும் எதிர்க்கிறேன். இத்தட்டை எனக்கு யாரும் ஆணையிட்டுத் தரவில்லை. அதில் எனக்குத் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, உத்தியோகமும் இல்லை. பள்ளியில் கட்டாயமாகத் தந்திருந்தால் பச்சனையும் நான் வெறுத்திருக்கக்கூடும். அது அவருக்குத்தான் பெரிய அநீதி ஆகியிருக்கும். நண்பர் முழுதும் உடன்படவில்லை. ஆயினும் கேட்க உட்கார்ந்தார்.

எனக்கு எட்டாதது இன்னும் நிறைய உண்டு. பிரயாகையைச் சேர்ந்த என் அறைத்தோழர் சில அடிகளில் கண்ணை மூடிக்கொள்கிறார். அங்கே எனக்கு ஒன்றும் நிகழ்வதில்லை. பிறகு அவர் விளக்குகிறார். விளக்கம் புரிகிறது, கண் மூடவில்லை. இசைத்தட்டில் இல்லாத 115 பாடல்களையும் அவரோடு இரவுக்கு ஒன்றாகப் படித்து வருகிறேன். மாறாக அவர் கவிமணியைக் கேட்கிறார். 'ழ'கரம்தான் அவருக்கு இன்னும் வசப்படவில்லை.