புதிய உப்புநீர்த் தொட்டியில் நீர் மாற்றும் முறை

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே இனவிருத்தி செய்யும் முறையை வகுத்தபின், கடலோர கிராமத்தார் வீட்டுப்புறத்தில் தொட்டி கட்டிக் குஞ்சு வாங்கி வளர்த்து விற்பது கைகூடக் கூடிய காரியமாயிற்று. ஆயினும் தொட்டி கட்டிய மறுவாரமே குஞ்சு விடுவோர் அடையும் பலன் பெரும்பாலும் ஒன்றே. முதற் சில நாட்கள் மீன் நன்றாய் இரை எடுக்கும். பின்னர் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும், ஒவ்வொன்றாய் மடியும். நீர் கெட்டது என்று கருதித் தொட்டி முழுவதையும் இறைத்து, கல்லையும் மணலையும் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பி மீண்டும் குஞ்சு விடுவர். மீண்டும் அதே நஷ்டம் நேரும்.

இதன் காரணத்தை விவசாயிகள் எளிதில் அறியலாம். நிலத்திலிட்ட தொழுவுரம் மட்கும்போது முதலில் அம்மோனியா உண்டாகிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வுயிர்களை 1890ஆம் வருஷத்தில் ருஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தொட்டி நீரில் இவ்வாறே மாறவேண்டும். புதுத் தொட்டியிலோ அவ்வுயிர்கள் இல்லை. அவை பெருக 4 முதல் 6 வாரம் வரை செல்லும். அதுவரை அம்மோனியா தேங்கி மீனின் செவுளை எரிக்கும். கடல்நீர் காரத்தன்மை உடையதாதலால் இத்தீங்கு அதில் மிகுதி. பி.எச். எண் 7.2லிருந்து 8.2க்கு ஏறினால், அம்மோனியாவில் நஞ்சாயுள்ள பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகிறது.

ஈண்டு முக்கியமாய் அறியத்தக்கது, இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பன அல்ல என்பதே. கல், மணல், ஓட்டுத்துண்டு, வடிகட்டிப் பஞ்சு ஆகியவற்றின்மேல் வழவழப்பாய்ப் படிந்து வாழ்வன. ஆகவே நீரை மாற்றினால் தொட்டி பக்குவமாவது அடியோடு தடைப்படும் என்ற அச்சம் வீண். தடைப்படுத்துவது கழுவுதலே. அதிலும் குளோரின் கலந்த குழாய்நீரில் வடிகட்டியைக் கழுவுவது, நாற்றங்காலை உழுது புரட்டுவதற்கு ஒப்பாகும். அழுக்கு மிகுந்தால் தொட்டியிலிருந்து இறைத்த உப்புநீரிலேயே அலசி வைத்தல் வேண்டும்.

மீன் இல்லாமலே தொட்டியைப் பக்குவப்படுத்துவது உத்தமம். 1000 லிட்டர் நீருக்குச் சுத்தமான நவாச்சாரம் 6 கிராம் கரைத்தால், லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் அம்மோனியா சேரும். இந்த நாட்களில் காற்றூட்டம் நிற்கக்கூடாது. அந்நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு மிகுதியாய் வேண்டும். நீர் மாற்றும் அவசியமும் இல்லை. மாற்றினால் அவற்றின் உணவே வெளியேறும். அளவு மீறி அம்மோனியா 5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் மட்டும் பாதி நீரை மாற்றுக. மிகுந்த அம்மோனியா அவ்வுயிர்களின் பெருக்கத்தையே தாமதப்படுத்தும்.

குஞ்சுகளை முன்னரே விட்டுவிட்டவர்கள் அவ்வாறு காத்திருத்தல் கூடாது. தினந்தோறும் சோதனைத் துளிமருந்தால் அளந்து, அம்மோனியா லிட்டருக்கு அரை மில்லிகிராமை எட்டினால் அன்றே நீர் மாற்றவேண்டும். தீனியையும் குறைக்க வேண்டும். எத்தனை பங்கு நீர் மாறுகிறதோ அத்தனை பங்கு நஞ்சே நீங்கும். 2 மில்லிகிராம் உள்ள தொட்டியில் பாதி நீரை ஒரே தடவையில் மாற்றினால் 1 மில்லிகிராம் எஞ்சும். காற்பங்காய் இரண்டு தடவை மாற்றினாலோ 1.125 எஞ்சும். எனவே அபாயம் முற்றியபோது சிறுகச் சிறுக மாற்றுவதில் பயன் குறைவு. நைட்ரைட்டைப் பற்றி அத்தனை கவலை வேண்டியதில்லை. கடல்நீரிலுள்ள குளோரைடு, அது செவுள்வழி உட்புகுவதைப் பெரும்பாலும் தடுக்கிறது.

விடும் நீர் தொட்டி நீரோடு வெப்பத்திலும் உப்பிலும் ஒத்திருத்தல் வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உப்பளத்துச் சோற்றுப்பை நன்னீரில் கரைத்துக் கடல்நீர் செய்ய முயல்வோர் உளர், அது பயன்படாது. மக்னீசியம் முதலியவை பெரும்பாலும் காடியோடு கழிந்துவிடுவதால், எஞ்சுவது வெறும் சமையலுப்பே.

நீர் மாற்றுவது வேறு, வற்றிய நீரை ஈடுசெய்வது வேறு. வெயிலில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். 1000 லிட்டரில் 100 லிட்டர் வற்றினால் எஞ்சிய நீரில் லிட்டருக்கு 39 கிராம் உப்பாகும். அதன்மேல் கடல்நீரை ஊற்றி நிரப்பினால் மூன்றரைக் கிலோ உப்பு அதிகப்படும். மாதத்தில் சிலமுறை இப்படிச் செய்தால் மீன் தாங்காது. ஆதலால் தொட்டிச் சுவரில் கோடிட்டு, குறைவை நன்னீரால் மட்டுமே நிரப்புக. குழாய்நீராயின் குளோரின் நீக்கியபின் விடவேண்டும்.

பக்குவத்தை விரைவுபடுத்தவென்று கடலிலிருந்து பவளக்கல் கொண்டுவரும் பழக்கம் அறவே கூடாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துக் கூறுதல் நலம். சிப்பி ஓடும் உடைந்த ஓட்டுத்துண்டும் போதும். பக்குவமான தொட்டி வைத்திருப்பவரிடம் பெற்ற ஒரு கூடை மணல், அத்தொட்டியில் நோயில்லை எனில், உறைமோர்போல் வேலை செய்யும்.

நவாச்சாரம் முன் அளவில் இட்டு, மறுநாள் அதே வேளையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் காணப்படாவிடில் தொட்டி பக்குவமாயிற்று எனக் கொள்ளலாம். அப்பொழுது நைட்ரேட் மிகுந்திருக்குமாதலால், பாதிக்கு மேற்பட்ட நீரை ஒருமுறை மாற்றி, உப்பளவு சரிபார்த்து, நாலைந்து குஞ்சுகள் மட்டும் விடுக. இரண்டு வாரம் அம்மோனியா எழாதிருந்தால் மேலும் சில விடலாம்.