துபாய் டிக்கெட்டும் நள்ளிரவுக் கணக்கும்

கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலர் திருவனந்தபுரம் போய்த்தான் விமானம் ஏறுகிறார்கள். டிக்கெட் எடுப்பதில் யாருக்கும் சிக்கலில்லை. அதிலுள்ள தேதியையும் நேரத்தையும் படிப்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

முதலில் தூரம். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் நேர்வழியில் ஏறத்தாழ 2,950 கி.மீ. ஜெட் விமானம் என்றால் தூரத்தை 800-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேருங்கள். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வரும். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்துக்கு வேகம் குறைவு, அதற்கு 500-ஆல் வகுக்க வேண்டும். 530 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படியும் இருக்கும். அதிகாலை 4.30-க்குக் கிளம்பி 7.00-க்குத் துபாய் என்று பார்த்ததும் இரண்டரை மணி நேரப் பயணம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 7.00 என்றால் இங்கே 8.30. ஆக, பயணம் நாலு மணி நேரம். சவூதி, கத்தார், குவைத் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இரண்டு நேரத்தையும் நம்மூர்க் கணக்குக்கு மாற்றித் தாளில் எழுதிவிட்டுக் கழியுங்கள். மனக்கணக்கு வேண்டவே வேண்டாம்.

இதைவிட ஆளைக் கவிழ்ப்பது நள்ளிரவு விமானம். 12-ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருக்கும். 12-ஆம் தேதி பகலெல்லாம் பெட்டி கட்டி, அல்வா வாங்கி வைத்து, ராத்திரி கிளம்பிப் போய் நிற்பார்கள். விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். 00.40 என்றால் நம் பேச்சுவழக்கில் 11-ஆம் தேதி ராத்திரிதான்.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், அதாவது 11-ஆம் தேதி இரவு 9.40-க்கு. திருநெல்வேலியிலிருந்து சாலைவழி சுமார் 150 கி.மீ. காவல்கிணறு வரை நாலுவழிச் சாலையில் விறுவிறுவென்று போகிற கார், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரையில் ஊர்ந்துதான் நகரும். கூகுள் காட்டும் நேரத்தை நம்பாமல் நாலு மணி நேரம் வையுங்கள். டீ குடிக்க, டீசல் போட இன்னும் அரை மணி. மாலை 5 மணிக்கு வண்டி வாசலை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். காலண்டரில் 12-ஐ வட்டமிடாதீர்கள். 11-ஐ வட்டமிட்டு, பக்கத்தில் ‘மாலை 5’ என்று எழுதுங்கள்.

வாகைக்குளம், சென்னை வழியாகப் போகிறவர்கள் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சென்னையில் பெட்டியை வாங்கி மறுபடி ஒப்படைக்க வேண்டும்; முதல் விமானம் தாமதமானால் அடுத்தது காத்திருக்காது. ஐந்து மணி நேர இடைவெளியாவது இல்லாமல் அப்படிப் போடாதீர்கள்.

வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள்.